உள்ளான் கூட்டமும் என் மோட்டார் படகும்

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிய முதல் வாரத்தில் எல்லோருக்குமே கொஞ்சம் திமிர் வரும். எனக்கு அதோடு ஒரு மோட்டார் படகும் சேர்ந்து வந்தது. கேட்க வேண்டுமா!

வனக்காப்பாளர்களாகவும் காவலர்களாகவும் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆபீசிலிருந்து போன் செய்தார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்தும் கேட்டார்கள் என்றால் அது அவர்கள் பாடு. பறவையை எப்படி அடையாளம் காண்பது, எப்படி எண்ணுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மிச்சம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். இத்தனை வருஷ சர்வீசில் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். மற்றதை நினைத்தால் சிரிப்பு வரும். இதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நான் பெருமுக்கல் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார்கள். கேப்பை கதிர் வைத்துவிட்டால் போதும், பள்ளிக்கூடம் விட்டதும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடி ஓடிக் குருவி ஓட்டுவது என் வேலை. பறவைக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். பிறகு வனக்காப்பாளராகச் சேர்ந்து சவுக்குத் தோப்பு, காப்புக்காடு, கோப்பு என்று காலத்தை ஓட்டிவிட்டு, வனவராகப் பதவி உயர்வு வந்தபோது என்னைக் கடற்கரைப் பக்கம் தூக்கிப் போட்டார்கள்.

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் பிடித்து, உப்பளங்களைத் தாண்டிப் போனால் கழுவெளி ஏரித் தண்ணீர் கடலோடு சேருகிற கழி வரும். அந்தக் கழிக்குள், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு திட்டு இருக்கிறது. ரெண்டு கபடி மைதானம் சேர்ந்த அளவுதான். மணல், சேறு, ஓரத்தில் கொஞ்சம் உமிரிச் செடி, வேறொன்றும் கிடையாது. புரட்டாசி கடைசியிலிருந்து வடக்கேயிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கோட்டான்களும் (ஆந்தை இல்லை, வளைந்த மூக்குள்ள கரைப்பறவை) வந்து இறங்கும். இமயமலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ குஞ்சு பொரித்துவிட்டு, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பை வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரம் பறந்து வருகிற ஜீவன்கள். வந்து சேர்ந்த வாரத்தில் ஒன்றைக் கையில் எடுத்தால் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தட்டுப்படும். தின்பதும் தூங்குவதும் தவிர அதற்கு அப்போது வேறு எந்த வேலையும் வைக்கக் கூடாது.

கடல் ஓதம் வடிந்திருக்கும்போது அவை கழி முழுவதும் பரவிச் சேற்றைக் கிளறித் தின்னும். ஓதம் ஏறினால் சேறெல்லாம் முழுகிவிடும். அப்போது நிற்பதற்கு அந்தத் திட்டு ஒன்றுதான் மிச்சம். எல்லாம் அங்கே வந்து ஒற்றைக் காலில் நின்றபடி, மூக்கை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும். அந்த ரெண்டு மணி நேரத்தில்தான் நாம் எண்ண வேண்டும்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த வனவர் மேற்குக் கரையில் ஒரு பனை மரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்து எண்ணுவாராம். பக்கத்தில் ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை. நான் பொறுப்பெடுத்தபோது அந்த மரத்தடி முழுவதும் தோலாகக் கிடந்தது. அவருடைய நோட்டில் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார். கரையில் உட்கார்ந்து மல்லாட்டை தின்றுகொண்டே இத்தனை எண்ணினாரா என்று எனக்குச் சிரிப்பு. இனிமேல் இந்தச் சோம்பேறித்தனம் கிடையாது என்று முடிவு செய்தேன். துறையில் அந்த வருஷம்தான் மோட்டார் படகு கொடுத்திருந்தார்கள். ஓட்டுவதற்கு சகாயம் என்று ஒரு தற்காலிகக் காவலர். மீனவக் குப்பத்து ஆள், அதிகம் பேசமாட்டார். ஓதம் ஏறும் நேரம் பார்த்து, முகத்துவாரப் பக்கத்திலிருந்து படபடவென்று படகை விட்டு, வளைவைத் திரும்பித் திட்டுக்குக் கிட்டே போய், நங்கூரம் போட்டு நானே நேரில் எண்ணினேன்.

முதல் முறை எண்ணியபோது சில நூறு. ஓதம் நன்றாக ஏறுகிற அடுத்த அமாவாசைக்கு அதிலும் குறைச்சல். பௌர்ணமிக்கு இன்னும் கீழே. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் முந்தின வருஷம் இதே நேரம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒன்று பழைய வனவர் கதை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ பறவையைக் கிளப்பிவிடுகிறார்கள். ரெண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் படகு வளைவைத் திரும்பும்போதெல்லாம் வானத்தில் கூட்டம் கூட்டமாகப் பறவை போய்க்கொண்டிருக்கும். நான் அண்ணாந்து பார்த்து, "என்ன அழகு பாத்தீங்களா சகாயம்! பாவம், யாரோ கிளப்பிட்டாங்க" என்பேன். சகாயம் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு "ஆமாங்க மேடம்" என்பார்.

யார் கிளப்புகிறார்கள் என்று தேட வேண்டிய அவசியமே இல்லாமல் ஐந்து பெண்கள் கண்ணெதிரே இருந்தார்கள். பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து இறால் தடவ வருகிறவர்கள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீருக்குள் மண்டி போட்டு, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே தவழ்ந்து போவார்கள். கையில் இறால் தட்டுப்பட்டால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கிற ஓலைப் பறியில் போடுவார்கள். தலையும் பறியும் மட்டும்தான் வெளியே தெரியும். மணிக்கணக்கில் அப்படியே போவார்கள். ஓதம் ஏறும்போது இறால் திட்டின் ஓரத்துக்கு வரும் என்பதால் அவர்களும் திட்டின் ஓரத்துக்கே வருவார்கள்.

அந்த ஐந்து பேரில் வாய் அஞ்சலைக்குத்தான். முப்பது வயதிருக்கும். நான் படகிலிருந்து விசில் ஊதினால் மற்ற நாலு பேரும் விலகிப் போவார்கள். அவள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள்.

"இன்னா மேடம், தெனம் வந்து வெரட்டிக்கினே கீறீங்க? நாங்க இன்னா உள்ளான் புடிக்கவா வந்தோம்? எறா தடவத்தான வந்தோம்?"

"நீங்க இங்க சுத்திக்கிட்டிருந்தா பறவை எப்படிம்மா வரும்?"

"வராதா? என் முதுவுக்குப் பின்னால நின்னுக்கினு தூங்கிக்கினு இருந்துச்சு. அதப் போயி வராதுன்றீங்களே!"

பதிலை அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். நான்தான் அதை வாயாடித்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் எழுதினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், ஆங்கிலமும் ஓரளவு வரும். பறவைகளின் வருகை கடுமையாகக் குறைந்துவிட்டது, இறால் தடவுகிறவர்களின் தொந்தரவே காரணம், சீசன் முடியும்வரை திட்டைச் சுற்றி யாரும் இறங்காமல் தடை செய்ய வேண்டும் என்று மூன்று பக்கம். மேலிடத்தில் பாராட்டினார்கள். பெரிய அதிகாரி நேரில் வந்து பார்த்து உத்தரவு போடுவார், அதுவரை நீங்களே தற்காலிகமாகத் தடுத்து வையுங்கள் என்று பதில் வந்தது. நானும் சகாயமும் கரையில் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி சிவப்புத் துணி தொங்கவிட்டோம்.

அன்றைக்கு அஞ்சலை சண்டை போடவில்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"எத்தினி நாளைக்குங்க?"

"தெரியலம்மா. பெரிய ஐயா வர்ற வரைக்கும். அவர் உத்தரவு போட்டா தை வரைக்கும்."

"மழக்காலத்துல உப்பளமும் கெடையாது. எங்களுக்கு இந்தக் கழி ஒண்ணுதாங்க. இதுவும் இல்லன்னா எங்க ஊட்டுக்காரரு கரும்பு வெட்டப் போலாம்னுவாரு. கரும்பு வெட்டப் போனா ஊடு பூட்டிக்கினு குடும்பத்தோட போவணும். எம்பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்குது மேடம். அது படிப்பு போயிடும்னுதான் ரெண்டு வருசமா போவாம இந்தச் சேத்துல கெடக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா" என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அடுத்த ரெண்டு வாரம் கழியில் ஒரு பெண் தலைகூடத் தெரியவில்லை. நான் படகில் போய் எண்ணினேன். பறவை கூடவே இல்லை, இன்னும் குறைந்துதான் இருந்தது. இந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. முன்பு கிளப்பியதில் பயந்து போயிருக்கின்றன, மெல்ல வரும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். சொந்தமாக எழுதின ரிப்போர்ட்டை நம்புகிற மாதிரி மனுஷர் வேறு எதையும் நம்பமாட்டார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் படகின் புரொப்பெல்லரில் யாரோ விட்டெறிந்த வலை சுற்றிக்கொண்டது. சகாயம் அதைச் சரிசெய்யக் குப்பத்துக்குக் கொண்டு போய்விட்டு, மேற்குக் கரையில் வந்து ஏற்றிக்கொள்கிறேன், காத்திருங்கள் என்று போன் செய்தார். நல்ல வெயில். நிழல் என்று அங்கே இருந்தது அந்தப் பனை மரம் ஒன்றுதான். பழைய வனவர் உட்கார்ந்த அதே இடத்தில், மல்லாட்டைத் தோலை ஒதுக்கிவிட்டு நானும் உட்கார்ந்தேன். பொழுது போகவில்லை. டெலஸ்கோப்பை முக்காலியில் பொருத்தித் திட்டைப் பார்த்தேன்.

ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. நாலா பக்கமிருந்தும் பறவைகள் வந்து இறங்கின. முதலில் கோட்டான்கள், பிறகு உள்ளான்கள், இடுக்கில் உப்புக்கொத்திகள். வந்துகொண்டே இருந்தன. வெளுப்பாக இருந்த மணல் தெரியாமல் போய்விட்டது. எண்ண ஆரம்பித்தேன். அந்த சீசனில் நான் எழுதின பெரிய எண்ணைத் தாண்டியபோது திட்டின் கால்வாசியைக்கூட முடித்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தடை வேலை செய்கிறது, ரிப்போர்ட் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது டெலஸ்கோப்புக்குள் ஒரு தலை வந்தது.

முனியம்மா. ஐந்து பேரில் ஒருத்தி, அஞ்சலையின் நாத்தனார். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் கயிற்றையும் சிவப்புத் துணியையும் மதிக்காமல், திட்டை ஒட்டித் தவழ்ந்துகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று விசிலை வாயில் வைத்துவிட்டேன். வைத்தவள் ஊதவில்லை. ஏனென்றால் முனியம்மாவுக்கும் பறவைகளுக்கும் நடுவே நாலு முழம் இருந்தால் அதிகம். ஓரத்தில் இருந்த ஒரு உள்ளான் தலையை எடுத்து அவளைப் பார்த்தது, ரெண்டு எட்டு தள்ளி நின்றது, திரும்ப மூக்கைச் செருகிக்கொண்டது. மற்றவை அதுகூடச் செய்யவில்லை. எருமை மேய்ந்தால் கண்டுகொள்ளுமா, அப்படித்தான் அவளையும் விட்டுவிட்டன.

விசிலை வாயில் வைத்தபடியே எவ்வளவு நேரம் இருந்தேனோ, முகத்துவாரப் பக்கம் படபடவென்று சத்தம் கேட்டது. என்னை ஏற்றிக்கொள்ள என் படகு வருகிறது. படகு இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம்தான், கண்ணுக்கே தெரியவில்லை. திட்டு முழுவதும் கழுத்துகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தன. என் தலைக்கு மேலே வந்தபோது இறக்கைச் சத்தம் மழைபோல இரைந்தது. ரெண்டு சுற்று சுற்றின. இறங்கப் பார்த்தன, முடியவில்லை. கூட்டம் உடைந்து பாதி கடல் பக்கம் போனது, பாதி உப்பளத்துப் பக்கம் போனது. படகு வளைவைத் திரும்பியபோது திட்டில் சில நூறுதான் மிச்சம் இருந்தன.

சகாயம் கரையில் படகை ஒட்டினார். "லேட்டாயிடுச்சு, சாரி மேடம். வாங்க, ஜல்தியா போயி எண்ணிடலாம்."

நான் படகில் ஏறவில்லை. "சகாயம், பறவை எப்பவும் இப்படித்தான் கிளம்புமா?"

"எப்பவும்தாங்க. மோட்டார் சத்தம் கேட்டா போதும், ஒண்ணு நிக்காது."

"ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க கேக்கவே இல்லியே மேடம். நான் டெம்ப்ரவரி ஆளு. மேடத்துக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு இருந்துட்டேன்."

சின்ன வயதில் குருவி ஓட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி என்று சொன்னேனே, அந்த ஐப்பசி முழுக்க அரசாங்கச் செலவில் அதைத்தான் செய்திருக்கிறேன். அவ்வளவு தூரம் பறந்து வந்த ஜீவனைத் தூங்கவிடாமல் எழுப்பி, மிச்சம் நின்றதை எண்ணி, குறைந்துவிட்டது என்று எழுதி, பழியைச் சேற்றில் மண்டி போட்டு இருந்தவர்கள் தலையில் போட்டிருக்கிறேன்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். தப்பு எல்லோரும் செய்வோம். அதற்குப் பிறகு வருகிற ரெண்டு நாள்தான் ஆபத்து.

பெரிய அதிகாரி வருவதற்கு அந்த ரெண்டு நாள்தான் இருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த விஷயம் என்னையும் சகாயத்தையும் தவிர துறையில் யாருக்கும் தெரியாது. இனிமேல் படகை எடுக்காமல் விட்டால் போதும், பறவை தானாகவே கூடிவிடும். தடை போட்டதால் கூடியது என்று ஆகிவிடும். என் ரிப்போர்ட் பலித்த மாதிரியும் இருக்கும், பேரும் கிடைக்கும். யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. உங்களிடம் ஒளிப்பானேன்? ஒரு முழு நாள் நான் அதைத்தான் செய்வதாக இருந்தேன். பதவி உயர்வு வந்து மூன்று மாதம் ஆகவில்லை. தப்பான ரிப்போர்ட் கொடுத்தவள் என்று பேரெடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

மறுநாள் முனியம்மாவை எச்சரிக்கிற சாக்கில் குடியிருப்புக்குப் போனேன். உண்மையில் எனக்கு அஞ்சலையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. வீடு பூட்டியிருந்தது.

முனியம்மா எழுந்துகூட நிற்கவில்லை. "அவங்க போயிட்டாங்க. கோலியனூரு பக்கம் கரும்பு வெட்ட. போயி ஒரு வாரம் ஆவுது."

"பொண்ணு?"

"அத மட்டும் யாருகிட்ட வுட்டுட்டுப் போறது? கூட்டிக்கினுதான் போனாங்க. அது ஸ்கூலுக்குத்தான் போவேன்னு ஒரே அழுவ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னா மேடம், என்னப் புடிக்க வந்தீங்களா? புடிச்சிக்கினு போங்க. ஜெயில்லயாவது சோறு போடுவாங்க" என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வந்தேன். வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பூட்டைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரிய அதிகாரி ஓதம் ஏறுகிற நேரத்துக்கு ஜீப்பில் வந்தார். கூட ரெண்டு மூன்று பேர். குடியிருப்புப் பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றிருந்தார்கள். அவர் நேரே படகைப் பார்த்துத்தான் நடந்தார்.

"படகு வேண்டாம் சார். இந்த மரத்தடியிலயே உட்காருங்க" என்றேன்.

"இங்கேருந்து என்னம்மா தெரியும்?"

"எல்லாம் தெரியும் சார். ஒரு அரை மணி நேரம் மட்டும்."

அவர் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். பறவைகள் வந்து சேர்ந்தன. டெலஸ்கோப்பிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் முனியம்மாவிடம் போய், இறங்கித் திட்டு ஓரமாகத் தடவிக்கொண்டு போ என்றேன்.

"அய்ய, நான் மாட்டேம்பா. எறங்கின ஒடனே கேஸ் போடவா?"

"போடமாட்டேன் முனியம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

யூனிபாரம் போட்டவள் கெஞ்சியதை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்போல. பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். பறவைகளை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனாள். ஒன்றும் எழவில்லை. பிறகு சகாயத்திடம், படகை எடுக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே மோட்டாரை மட்டும் ஒருமுறை போடுங்கள் என்றேன். அந்த ஒருமுறைக்காக அந்தப் பறவைகளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். படபடவென்றதும் திட்டு காலியானது.

அதிகாரி டெலஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப உங்க ரிப்போர்ட்?"

"தப்பு சார். பறவையைக் கிளப்பினது படகுதான். படகுல இருந்தது நான்தான்."

கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் காலியான திட்டை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"சரி, எழுதிக் குடுங்க. பழைய ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன்னு, காரணத்தோட, உங்க கையால." அவ்வளவுதான் சொன்னார். ஜீப்பில் ஏறும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "அந்தக் கயித்தை அவுத்துடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட் மூன்று பக்கம் வந்தது, இது அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. ஒரு மாதத்தில் மெமோவும் வந்தது. என் பேரை எப்போதும் தப்பாக அடிக்கிற ஆபீஸ்காரர்கள், அதில் மட்டும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள். சகாயத்திடம் காட்டினேன். அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "விடுங்க மேடம், பேஜாரு புடிச்சவங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

கயிற்றை அவிழ்த்ததும் நாலு பெண்களும் கழியில் இறங்கினார்கள். நானும் அவர்களோடு இறங்கிக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து முனியம்மா, "மேடம், மரமாட்டம் நின்னுக்கினு இருந்தா எப்படி? ஒக்காருங்க, மண்டி போடுங்க" என்று அதட்டினாள். மண்டி போட்டேன். உமிரிச் செடி ஓரமாகத் தவழ்ந்து போய், ஒரு உள்ளான் கண்ணை மூடித் திறப்பதைக் கண்ணாடி கிண்ணாடி ஒன்றும் இல்லாமல் பார்த்தேன். மூச்சு விடும்போது அதன் நெஞ்சு ஏறி இறங்கியது தெரிந்தது. நான் அழுதேன். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. தண்ணீரில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அஞ்சலை வரவில்லை. கரும்பு வெட்டுக்குப் பேசிப் போனவர்கள் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ் பிடித்து, கோலியனூர் தாண்டி இறங்கி, எந்த வயலில் வெட்டுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் போனேன். அஞ்சலையின் கை முழுக்கக் கரும்புச் சோகை அறுத்த கீறல். பக்கத்தில் அவள் பெண் கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அஞ்சலை அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். இங்கேயும் விரட்ட வந்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ.

அதிகாரியிடம் சொன்னதைவிட இவளிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப உங்களப் பாத்துதான் அதுங்கல்லாம் ஓடிச்சாங்களா?"

"ஆமாம்மா."

"நான் அன்னிக்கே சொன்னேனே மேடம், என் முதுவுக்குப் பின்னாலதான் தூங்குதுன்னு." சிரிப்பு நின்றுவிட்டது. தன் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வார்த்த நம்பி இருக்கலாம்."

அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் வெட்டக் குனிந்தாள்.

தை பிறந்து அவர்கள் திரும்பி வந்தார்கள். நானே அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். டீச்சர் ரிஜிஸ்டரிலிருந்து பேரை எடுக்காமல் வைத்திருந்தார், புண்ணியவதி. போன பாடத்தைப் பிடிக்க அந்தக் குழந்தை அந்த வருஷம் முழுக்கத் தவித்தது.

அஞ்சலை கழிக்கு வந்த முதல் நாள் நானும் கரையில்தான் இருந்தேன். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. கம்பு இல்லை, கயிறு இல்லை. மற்ற நாலு பேரும் எப்போதும்போலப் பேசிக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் பறியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றாள்.

"எறங்கலாங்களா மேடம்?"

கிண்டலாக இருந்தால் தேவலை என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து இறங்குகிற தண்ணீர் அது. நான் அங்கே வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"என்னை எதுக்கும்மா கேக்கறே? உங்க கழிம்மா அது. கேக்காம எறங்கு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிறவரை அங்கேதான் இருந்தேன். அஞ்சலையும் நானும் எவ்வளவோ சிநேகமாகிவிட்டோம். என்னை வாய்க்கு வந்தபடி கேலி செய்வாள், அவள் பெண் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் போன் எனக்குத்தான் வந்தது. கேட்காதே, கேட்காதே என்று நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன். நான் கரையில் இருந்த ஒருநாள்கூட அவள் என்னைக் கேட்காமல் அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை.